கடலில் விழுந்தவரைத் தேட எந்த வழி துல்லியம்: டாப்ளரா, பல செயற்கைக்கோள்களா, ஜிபிஎஸ்ஸா?

படகு கவிழ்ந்ததும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (உதவி கேட்டு ரேடியோ சமிக்ஞை அனுப்பும் கருவி) ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை அரை விநாடி மட்டும் குரல் கொடுக்கும். அந்தக் குரலை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாட்டின் வேலை. 1982-ல் முதல் செயற்கைக்கோளை ஏவிய சில மாதங்களிலேயே, கனடாவில் சிறு விமானம் விழுந்து தவித்த மூவரைக் காப்பாற்ற அது உதவியது.

பழைய வழி டாப்ளர். சுமார் 850 முதல் 1,000 கி.மீ. உயரத்தில் ஓடும் ஒரே செயற்கைக்கோள் போதும். நெருங்கும்போது அதிர்வெண் கூடித் தெரியும், விலகும்போது குறையும். அந்த இறக்கம் எவ்வளவு சடாரென்று நடக்கிறதோ, பீக்கன் செயற்கைக்கோளின் பாதைக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா? கணக்கு இரண்டு இடங்களைக் காட்டும். பூமியின் சுழற்சி ஓரளவு துப்புக் கொடுக்கும். போதாவிட்டால் அடுத்த செயற்கைக்கோள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரில் மிதப்பவருக்கு அது நீண்ட நேரம்.

துல்லியம் முதலில் கூடியது விண்வெளியில் இல்லை, பீக்கனுக்குள்ளேதான். 121.5 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்களின் அதிர்வெண் நிலையாக நிற்காததால் பிழை 20 கி.மீ. வரை போனது. நிலையான அலையியற்றியோடு (அதிர்வெண்ணை உண்டாக்கும் சுற்று) 406 வந்ததும், அதே டாப்ளர் முறையில் பிழை 5 கி.மீ. அளவுக்குச் சுருங்கியது. 2009 பிப்ரவரி 1 முதல் பழைய அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதே இல்லை.

இரண்டாவது வழியில் ஏறத்தாழ 20,000 கி.மீ. உயரத்தில் உள்ள ஜிபிஎஸ், கலிலியோ, குளோனாஸ் ஆகிய வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் பல ஒரே குரலைக் கேட்கின்றன. அது வந்து சேரும் நேரத்திலும் அதிர்வெண்ணிலும் உள்ள வேறுபாட்டிலிருந்து இடம் பிடிபடும். இதற்கும் எதிர்பார்ப்பு 5 கி.மீ.தான், ஆனால் பத்து நிமிடத்துக்குள்! இங்கே நேரக் கணிப்பில் ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் 300 மீட்டர் தூரம் பிசகும். கேட்கும் செயற்கைக்கோள்கள் வானத்தின் ஒரே மூலையில் குவிந்திருந்தாலும் கணிப்பு கெடும்.

கடல் அலையும் தொல்லைதான். படகு விநாடிக்கு 1 மீட்டர் ஆடினாலே அதிர்வெண் சுமார் 1.35 ஹெர்ட்ஸ் மாறும். தாழ்வான செயற்கைக்கோளின் பெரிய டாப்ளர் மாற்றத்தில் இது கரைந்துபோகும். உயரத்தில் இருப்பவற்றுக்கு மாற்றமே சிறியது, அதனால் உறைக்கும். பல குரல்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் பிழை தணியும்.

சரி, ஜிபிஎஸ் உள்ள பீக்கன்? தன் இடத்தைத் தானே சொல்லும், நூறு மீட்டர் அளவுக்கு. துல்லியத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் வானம் தெரியாமல் சிதைவுக்கடியில் சிக்கினால் அதற்கு இடம் கிடைக்காது, அப்போது கைகொடுப்பது மற்ற இரண்டும்தான். வாங்குபவருக்கு ஜிபிஎஸ் உள்ளதையே சொல்வேன். மீட்பு மையம் மட்டும் அதை நம்பி மற்றக் கணிப்புகளைக் கைவிடக் கூடாது. பீக்கன் சொல்லும் இடமும் செயற்கைக்கோள் கணித்த இடமும் பல கி.மீ. விலகினால், அடுத்த சில குரல்களையும் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.