பல்லிடுக்கில் நுழையும் குட்டிப் பிரஷ்: எட்டு மாத அனுபவம்

போன தை மாதம் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் கல்யாணி வாசித்து முடித்து, நாகஸ்வரத்தை உதட்டிலிருந்து எடுத்தேன். உதட்டில் வைத்து ஊதும் சீவாளியின் நுனியில் மெல்லிய சிவப்புக் கோடு. பார்ப்பவர்கள் வெற்றிலைச் சாறு என்றுதான் நினைப்பார்கள். நான் வெற்றிலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அது இரத்தம்.

பக்கத்தில் இருந்த தவில்கார அண்ணன் பார்த்துவிட்டார். “தம்பி, உங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கீழ் முன்பற்கள் ஆட்டம் கண்டன. உதட்டுக்குப் பின்னால் பல்வரிசை தாங்கி நின்றால்தான் சீவாளி அடங்கும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் தொழிலில் சுரமும் போய்விடும். அப்பா அடுத்த வருடமே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

கும்பகோணத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஆழத்தைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். “மூன்று, மூன்று, ஐந்து, ஐந்து, ஆறு.” மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் ஆரோக்கியமான ஈறு. அதற்கு மேல் போனால் பல்லைவிட்டு ஈறு பிரிந்து பை விழுந்திருக்கிறது என்று பொருள். இரண்டு தடவை வரச்சொல்லிப் பற்காரையைச் சுரண்டி எடுத்தார். பிறகு, “வீட்டில் என்ன உபயோகிக்கிறீர்கள்?” என்று கேட்டார். விலை உயர்ந்த பேஸ்ட் ஒன்றின் பெயரைச் சொன்னேன். “பேஸ்ட் இருக்கட்டும். இரண்டு பல்லுக்கு நடுவே எதைக் கொண்டு தேய்க்கிறீர்கள்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

கண்ணாடியை என் கையில் கொடுத்து, ஒரு குட்டிப் பிரஷை எடுத்தார். பாட்டில் கழுவும் பிரஷைத் தீக்குச்சியளவுக்குச் சுருக்கினாற்போல இருந்தது: நடுவில் மெல்லிய கம்பி, அதைச் சுற்றிலும் இழைகள். கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவே அதை நுழைத்து, முன்னும் பின்னுமாக இரண்டு முறை இழுத்து எடுத்தார். இழைகளில் வெண்ணெய் போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, அதோடு இரத்தம். மூக்கருகே கொண்டுவந்து காட்டினார். அந்த நாற்றத்தை நான் மறக்கமாட்டேன். அன்று காலை இரண்டு நிமிடம் பல் தேய்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

இந்தப் பிரஷ் பலருக்கும் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் கேட்டால் பல்குத்தும் குச்சியை எடுத்து நீட்டுகிறார்கள். நான் வாங்குவது டெபே என்னும் ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பு, இணையத்தில் வரவழைத்தேன். நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்: இளஞ்சிவப்பு 0.4 மில்லிமீட்டர், ஆரஞ்சு 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7.

அளவில்தான் முதலில் தவறினேன். சிறியதே பாதுகாப்பு என்று எண்ணி எல்லா இடுக்குக்கும் இளஞ்சிவப்பையே போட்டேன். கீழ் முன்பற்களுக்கு அது கச்சிதம். கடைவாயில் எதையும் தொடாமல் சும்மா போய்வந்தது. இழைகள் இரண்டு பக்கப் பல்லையும் உரசவேண்டும், கம்பி உரசக்கூடாது, அழுத்தித் திணிக்கும்படியும் இருக்கக்கூடாது. கடைவாய்க்கு நீலம் வாங்கிய பிறகுதான் உண்மையில் சுத்தம் ஆயிற்று. மேல் முன்பற்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கே எந்த நிறமும் நுழையாது. மெழுகு தடவிய பல்நூல்தான் போகிறது.

முதல் வாரம் தினமும் இரத்தம் வந்தது. இங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருப்பதால் வரும் இரத்தம் அது. அழுக்கை எடுக்க எடுக்கக் குறையும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் தொடர்ந்தேன். எனக்குப் பன்னிரண்டாம் நாள் நின்றது. அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம்தான் போகவேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும்.

இந்த வகைப் பிரஷ் எதுவாயினும் சாதாரண பிரஷைவிடக் கூடுதல் செலவுதான். ஆனால் ஒன்றைக் கழுவி உலர்த்தி ஒரு வாரம் வரை உபயோகிக்கலாம். செலவைக் குறைக்க வேறொரு மலிவான வகையை முயன்றேன். மூன்றாம் நாளே கம்பி ஒடிந்து இடுக்கில் மாட்டிக்கொண்டது. இனி அதைத் தொடமாட்டேன்.

மற்றவற்றைப் பற்றியும் கொஞ்சம். பெரிய பிரஷ் மிருதுவான இழை உள்ளதாக இருந்தால் போதும். பிராண்டு எதுவானாலும் சரி. கெட்டியான இழைதான் அழுக்கை எடுக்கும் என்று நம்பி இருபது வருடம் தேய்த்ததில் என் கோரைப்பற்களின் வேர் வெளியே தெரிகிறது. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசும். அதற்குப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள சென்சோடைன் வாங்கினேன். மூன்று வாரம் விடாமல் தேய்த்த பிறகே குணம் தெரிந்தது. ஒரே இரவில் எதிர்பார்க்கக்கூடாது.

பேஸ்ட் டியூபில் பார்க்கவேண்டியது ஃபுளோரைடு என்ற சொல். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு. பெரியவர்களுக்கு அந்த அளவை ஒட்டி இருப்பதே நல்லது. ஈறுப் பையை அது ஆற்றாது. சொத்தையைத் தடுக்கும், ஈறு இறங்கி வேர் தெரிகிற என் போன்றவர்களுக்கு அது மிகவும் தேவை. 2021-இல் உலக சுகாதார அமைப்பு ஃபுளோரைடு பேஸ்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது. தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் அது பல்லில் தங்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு கூடுதல் என்பதால் அங்கே குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எங்கேயானாலும் ஓர் அரிசி அளவு பேஸ்ட் போதும்.

டியூபின் அடியில் இருக்கும் வண்ணச் சதுரத்தைப் பார்த்து இது மூலிகை, இது ரசாயனம் என்று பிரிக்கும் வாட்ஸ்அப் செய்தியை என் அக்காவும் அனுப்பினார். டியூபை எங்கே வெட்டி ஒட்டவேண்டும் என்று இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம் அது. உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

டாக்டரம்மா இரண்டு வாரத்துக்குக் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீரும் எழுதிக்கொடுத்தார். கிருமியை நன்றாக அடக்குகிறது. ஆனால் அந்த நாட்களில் ரசம் ரசமாகவே இல்லை, பல்லிலும் பழுப்பு படிந்தது. பேஸ்ட் போட்ட கையோடு கொப்பளித்தால் அதன் வேலை குறைந்துவிடும். அரைமணி நேரம் பொறுக்கவேண்டும். சீட்டில் எழுதிய நாட்களுக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள்.

திருவாவடுதுறையில் சீவாளி வாங்கும்போது ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்து ஊதிப்பார்த்துத்தான் எடுப்பேன். அந்தச் சீவாளியைத் தாங்கும் பல்லுக்கு வாங்கும் பொருளை ஒருநாளும் திருப்பிப் படித்ததில்லை. அது எனக்கு வருத்தம். எங்கள் தொழிலில் வெற்றிலை போடாதவர்கள் குறைவு. சுண்ணாம்பும் சாறும் பல்லில் படிந்து காரை ஏறுவது ஒருபக்கம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று 2004-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லிவிட்டது. இளம் பிள்ளைகளிடம் நான் இதைக் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

போன வாரம், ஆவணி முகூர்த்தங்களுக்கு நடுவே, மறுபடி அளந்தார்கள். ஐந்துகள் மூன்றாகியிருந்தன. ஆறு மட்டும் நான்கில் நிற்கிறது. மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்றார். தவில்கார அண்ணனுக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுக்க நினைத்தேன். அவர் பல்லுக்கு எந்த நிறம் பொருந்தும் என்பதை டாக்டரம்மாதான் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை கச்சேரி இல்லை. அன்று அவரை அழைத்துப் போகிறேன்.