ஸ்லோவாக்கும் போலிஷும்: நெருங்கியும் விலகியும்

மேற்கு ஸ்லாவியக் கிளையைச் சேர்ந்த இவ்விரு மொழிகளும் இலத்தீன் எழுத்தையே பயன்படுத்தினாலும், 'ஷ' ஒலியை ஸ்லோவாக் ஓர் எழுத்தின் தலையில் சிறு கொக்கியிட்டுக் காட்ட, போலிஷ் பெரும்பாலும் இரண்டு எழுத்துகளைச் செலவழிக்கிறது. சொல்லழுத்தம் ஸ்லோவாக்கில் முதலசையிலும் போலிஷில் பொதுவாக ஈற்றயலசையிலும் விழும். தமிழருக்குப் பழகிய குறில், நெடில் வேறுபாடு ஸ்லோவாக்கில் இன்றும் பொருளை மாற்றுகிறது: 'சுட்' பீப்பாய், 'சூட்' நீதிமன்றம். போலிஷ் அதை இழந்துவிட்டாலும், பிற ஸ்லாவிய மொழிகள் பெரும்பாலானவற்றில் மறைந்துபோன மூக்கொலி உயிர்களைக் காத்து வந்துள்ளது. தலை என்பது ஸ்லோவாக்கில் 'ஹ்லவா', போலிஷில் 'க்வோவா', உறவு தெரிகிறது. ஆயினும் சொல்லொற்றுமையை முழுதாக நம்புவது ஆபத்து. தேடுவதைக் குறிக்கப் போலந்துக்காரர் இயல்பாகச் சொல்லும் 'ஷுக்காச்', ஸ்லோவாக்கியரின் காதில் அப்பட்டமான கெட்ட வார்த்தையாக விழும்.