கடலை மிட்டாய்க்கு உண்ணும் உறை: மரவள்ளியா, கடற்பாசியா?

கடலை மிட்டாயைத் துண்டு துண்டாகச் சுற்றும் பிளாஸ்டிக் தாளை விட்டுவிட்டு, மிட்டாயோடு சேர்த்தே தின்றுவிடக்கூடிய உறைக்கு மாற நினைத்தோம். கடைசியில் எங்கள் முன் நின்றவை இரண்டு. ஒன்று மரவள்ளி ஸ்டார்ச்சில் செய்த படலம். மற்றது, கட்டைக்கோரை போன்ற பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் செய்த படலம். நாங்கள் ஆல்ஜினேட்டைத் தேர்ந்தெடுத்தோம், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

விலையிலும் கிடைப்பதிலும் மரவள்ளியை அடிக்க முடியாது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும்வரை ஸ்டார்ச்சுக்குப் பஞ்சமில்லை. ருசியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. காய்ந்த நிலையில் இரண்டுமே எண்ணெயையும் ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும் என்பதால், வேர்க்கடலை காறல் அடிப்பதும் தள்ளிப்போகும்.

ஆனால் வெல்லம் சேர்ந்த பண்டத்துக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈரம்தான். படலம் எவ்வளவு இழுத்தால் கிழியும் என்பதைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். நான் கேட்பது வேறு: ஐப்பசி மழையில் இது என்ன ஆகும், சித்திரை வெயிலில் என்ன ஆகும்?

ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கரைத்து 70 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கஞ்சியாகும். அதைத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் படலம் வந்துவிடும். அது நொறுங்காமல் வளைய, ஸ்டார்ச் எடையில் கால் பங்கு அளவுக்குக் கிளிசரின் சேர்க்க வேண்டும். முதல் வாரம் அருமையாக இருக்கும். அப்புறம்தான் சிக்கல். ஆறிய சோறு விறைப்பதுபோல, ஸ்டார்ச்சின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல மெல்ல மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்ளும், படலம் நாளாக ஆக விறைத்து மடிப்பில் வெடிக்கும். கிளிசரினைக் கூட்டினால் வெடிப்பு குறையும், ஆனால் கிளிசரினே காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் உறை மிட்டாயோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அகர் (சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும், கூழாக உறையும் பொருள்) கலந்தால் வலு கூடுகிறது. ஆனால் விறைப்பது தள்ளிப்போகிறதே தவிர நிற்பதில்லை.

ஆல்ஜினேட்டில் இந்த விறைப்பு இல்லை. சோடியம் ஆல்ஜினேட் 2 சதவீதக் கரைசலே போதும், காய்ச்சவும் வேண்டாம். ஆனால் அப்படியே காயவைத்த படலம் ஈரக் கை பட்டாலே கரைந்து வழுவழுத்துவிடும். அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கி எடுத்தால், சோடியம் இருந்த இடத்தில் கால்சியம் வந்து பக்கத்துச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு தண்ணீரில் போட்டாலும் கரையாது.

இந்த முக்கும் வேலையில்தான் கவனம் வேண்டும். கால்சியத்தை முன்கூட்டியே கரைசலில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும், தட்டில் பரவாது. அதிக நேரம் ஊறவிட்டால் படலம் மொறமொறத்துவிடும். அதோடு, இதிலும் வளைவதற்காகச் சேர்த்த கிளிசரின் அந்தத் தண்ணீரில் கழுவிப் போய்விடும். எங்களை நீண்ட நாள் குழப்பியது இதுதான். முக்கும் கரைசலிலேயே கிளிசரின் சேர்த்த பிறகு படலம் வளைந்துகொடுத்தது. கால்சியம் குளோரைடு நாக்கில் கசக்கும், அலசியே ஆக வேண்டும். கசப்பைத் தவிர்க்கக் கால்சியம் லாக்டேட்டும் பயன்படுத்தலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கால்சியம் படலத்தைக் கரையாமல் காக்கும், ஆனால் நீராவி ஊடுருவுவதை அவ்வளவாகத் தடுக்காது. ஸ்டார்ச், ஆல்ஜினேட் போன்ற பாலிசாக்கரைடுகளுக்கு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்களுக்கு, பொதுவாகவே இந்தக் குறை உண்டு. அதற்குத் தேன்மெழுகு தேவை. 65 டிகிரிக்குள் உருகிவிடும், அதைச் சூடான கரைசலில் நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். படலம் பால்போல் மங்கும், வலுவும் கொஞ்சம் குறையும். மெழுகு கலந்தும்கூட, மிட்டாய்களை மூடியுள்ள டப்பாவில்தான் அடுக்குகிறோம். தின்னப்போகும் உறையைக் கடைத் தூசியில் திறந்து வைக்க முடியாது, வெளியே ஒரு மூடி எப்படியும் வேண்டும்.

கடற்பாசி உறை வெறும் ஆய்வுக்கூட விஷயமில்லை. 2019 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்குக் கடற்பாசியில் செய்த சிறு உறைகளில் பானம் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் அனுபவம் தட்டில் ஊற்றிக் காயவைக்கும் அளவோடு நிற்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இயந்திரத்தில் சுற்றுகிறவர்கள் என்னை நம்பி முதலீடு செய்ய வேண்டாம், உங்கள் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கால்சியத்தில் முக்குவதும் அலசுவதும் மறுபடி காயவைப்பதுமாக ஆள்கூலி கூடுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சுக்குக் காபித் தூள், சூப் தூள் மாதிரி உறையோடு வெந்நீரில் போடும் சரக்காக இருந்தால் என் தேர்வு மாறும். கால்சியம் ஏற்றிய ஆல்ஜினேட் வெந்நீரிலும் கரையாமல் டம்ளரில் தோலாக மிதக்கும். அங்கே ஸ்டார்ச் படலத்தை மெல்லியதாக ஊற்றி, தயாரித்த சில நாளுக்குள் விற்று முடிக்கும் அளவுக்கு மட்டும் செய்வேன்.