பாராசோம்னியா: போர்ட்னாய் வந்துட்டாரு, சண்டையும் கூடவே வந்துடுச்சு

அமெரிக்க மெட்டல் பேண்ட் ட்ரீம் தியேட்டரோட பாராசோம்னியா ஆல்பம் 2025 பிப்ரவரி 7ந்தேதி வந்துச்சு, வந்த அன்னிக்கே எங்க பாண்டி செட்டுல ரெண்டு கட்சி ஆயிப்போச்சு, இன்னிக்கு வரைக்கும் யாரும் இறங்கி வரல. சரி நாமளும் நம்ம பங்குக்கு எழுதிடலாம்னு உக்காந்தேன். முதல்லயே சொல்லிடுறேன், ஆல்பம் நல்லாருக்கு, ஆனா சண்டை போடுறவங்க சொல்ற காரணத்துக்காக இல்ல.

தெரியாதவங்களுக்கு முன்கதை கொஞ்சம். 1985ல பாஸ்டன்ல பெர்க்லி மியூசிக் காலேஜ்ல படிச்ச மூணு பசங்க, கிட்டார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் ஜான் மியுங், ட்ரம்ஸ் மைக் போர்ட்னாய், இவங்க மூணு பேரும் ஆரம்பிச்ச பேண்ட் இது, அப்ப பேரு மெஜஸ்டி. ப்ரோக்ரெசிவ் மெட்டல்னா, அதாவது நீளமா, சிக்கலான தாளத்துல போற மெட்டல்னா, இன்னிக்கு எல்லார் வாயிலயும் முதல்ல வர்ற பேரு இவங்கதான். 2010ல போர்ட்னாய் "கொஞ்ச நாள் பிரேக் எடுக்கலாம்பா"ன்னு கேட்டாரு, மத்தவங்க வேணாம்னுட்டாங்க, அந்த செப்டம்பர்ல அவரு வெளிய போயிட்டாரு. அப்புறம் ஏழு ட்ரம்மருங்கள ஆடிஷன் பண்ணி மைக் மாஞ்சினிய எடுத்தாங்க, அவரு பெர்க்லில வாத்தியாரா இருந்தவரு, வேகமா அடிக்கிறதுல ரெக்கார்டு வச்சவரு. அஞ்சு ஆல்பம் வாசிச்சாரு. 2023 அக்டோபர்ல "போர்ட்னாய் திரும்ப வர்றாரு"ன்னு அறிவிப்பு. அன்னிக்கு நைட்டு முத்தியால்பேட்டை அண்ணன் ஒருத்தரு, கேசட் காலத்து ஆளு, போன் பண்ணி பேச முடியாம தொண்டை அடைச்சுட்டாருன்னா பாத்துக்கோங்க.

அந்த அண்ணன்தான் முதல் கட்சிக்கு தலைவரு. அவரு வாதம் சிம்பிள், "மாஞ்சினி மெஷின்டா, போர்ட்னாய்க்குத்தான் உயிர் இருக்கு". எதிர்க்கட்சி லாஸ்பேட்டைல ட்ரம்ஸ் கத்துக்குற காலேஜ் பசங்க, அவங்க ட்ரீம் தியேட்டர கேக்க ஆரம்பிச்சதே 2011க்கு அப்புறம்தான். "அண்ணே, இந்த பேண்டுக்கு முதல் கிராமி விருது 2022ல தி ஏலியன் பாட்டுக்கு வந்துச்சு, அதுல வாசிச்சது யாரு? அந்த மனுஷன வெளிய அனுப்பிட்டு என்னண்ணே கொண்டாட்டம்"னு கேக்குறானுங்க. அண்ணன் அதுக்கு இதுவரைக்கும் பதில் சொல்லல, டீ சொல்றாரு.

எனக்கு ரெண்டு பக்கமும் பாதிதான் சரின்னு படுது. மாஞ்சினி மெஷின்னு சொல்றவங்க ஒண்ண மறந்துடுறாங்க, அவரு வாசிச்ச முதல் ஆல்பத்துக்கு ட்ரம்ஸ் பார்ட் எல்லாம் பெட்ரூச்சி ஏற்கனவே கம்ப்யூட்டர்ல புரோகிராம் பண்ணி வச்சிருந்தாரு, அத வச்சுத்தான் இவரு தன்னோட வாசிப்ப கட்டினாரு, அப்ப மெஷின் வாசனை அடிச்சா அது யாரு மேல தப்பு? இன்னொரு விஷயம், 1999 ஆல்பத்துல இருந்து போர்ட்னாய் போற வரைக்கும் அவரும் பெட்ரூச்சியும் சேந்துதான் ப்ரொட்யூஸ் பண்ணாங்க, அதாவது ஆல்பம் எப்படி வரணும்னு முடிவு பண்றது அவங்க ரெண்டு பேரும். போர்ட்னாய் போனதுல இருந்து பெட்ரூச்சி ஒருத்தருதான். பாராசோம்னியாலயும் ப்ரொட்யூசர் பேரு பெட்ரூச்சி மட்டும்தான் போட்டிருக்கு. கோச்சிக்கிட்டு போன அண்ணன் திரும்பி வந்து பாத்தா பீரோ சாவி தம்பி இடுப்புல இருக்குற கதை. அதனால இத போர்ட்னாய் ஆல்பம்னு கொண்டாடுறதும் சரியில்ல, போர்ட்னாய் கெடுத்துட்டாருன்னு திட்டுறதும் சரியில்ல, இது பெட்ரூச்சி ஆல்பம், ட்ரம்ஸ் மட்டும் ஆள் மாறிருக்கு. இத சொன்னதுக்கு ரெண்டு கட்சியும் சேந்து என்னய திட்டுச்சுங்க, அந்த ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துமை.

இப்ப பாட்டுக்கு வருவோம். ஆல்பம் முழுக்க தூக்கத்துல வர்ற கோளாறுதான் தீம், எட்டு டிராக், 71 நிமிஷம். முதல் டிராக் இன் தி ஆர்ம்ஸ் ஆஃப் மார்ஃபியஸ், வாய்ப்பாட்டு கிடையாது, மெதுவா ஏத்தி கடைசில அந்த கிட்டாரோட கனம் இறங்கும் பாருங்க, ஹெட்போன்ல கேட்டா மண்டைக்குள்ள லாரி திரும்புது. அடுத்து நைட் டெரர், இதத்தான் 2024 அக்டோபர்ல முதல் பாட்டா விட்டாங்க, கிட்டத்தட்ட பத்து நிமிஷம். இங்கதான் போர்ட்னாய் வித்தியாசம் தெளிவா தெரியும். மாஞ்சினியா இருந்தா கிட்டார் ரிஃப்ல, அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த கிட்டார் துண்டுல, இருக்குற ஒவ்வொரு நோட்டையும் காலால அப்படியே ஒட்டிப் பிடிச்சிருப்பாரு, போர்ட்னாய் பாதிய விட்டுட்டு ஸ்நேர் ட்ரம்ம நேரா அடிக்கிறாரு, தலைய ஆட்ட உங்களுக்கு இடம் கிடைக்குது. சும்மா எங்கயோ சைனா சிம்பல்ங்குற பித்தளைத் தட்ட ஒரு தட்டு தட்டிட்டு போவாரு, அந்த இடத்துல அண்ணன் கண்ண மூடிக்குவாரு.

எ ப்ரோக்கன் மேன் போர்ல இருந்து திரும்புன சிப்பாயோட கெட்ட கனவு, டெட் அஸ்லீப் தூக்கத்துலயே ஒரு கொலை பண்ணிடுற ஆளோட கதை. ரெண்டும் நல்லா கனமா இருக்கு, ஆனா ரெண்டுலயும் நடுவுல கீபோர்டும் கிட்டாரும் ஒண்ணா ஓடுற அந்த பந்தயம் வந்துடும், கீபோர்டு ஜோர்டன் ரூடஸ் ஒரு பக்கம் பெட்ரூச்சி ஒரு பக்கம், இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இதேதான். வரப்போற நேரத்த வாட்ச் பாத்து சொல்லிடலாம். மிட்நைட் மெசையா வரிகள் போர்ட்னாய் எழுதுனது, அவரோட பழைய பாட்டு வரிகளயே அங்கங்க சொருகி வச்சிருக்காரு. பழைய ரசிகனுக்கு கிச்சுகிச்சு, லாஸ்பேட்டை பசங்களுக்கு ஒண்ணும் ஏறல, எனக்கும் ரெண்டாவது தடவைக்கு மேல அந்த கிச்சுகிச்சு வேலை செய்யல. ஆர் வி ட்ரீமிங் ஒண்ணரை நிமிஷ இடைச்செருகல், தாண்டிடுங்க.

பெண்ட் தி க்ளாக் யாரும் அதிகமா பேசல, எனக்கு இதுதான் ஆல்பத்துலயே டாப். மெதுவான பாட்டு. பாடகர் ஜேம்ஸ் லப்ரீக்கு குரல் போச்சுன்னு ஊரே சொல்லுது, மனுஷனுக்கு அறுவது தாண்டிடுச்சு, 1994 கடைசில கியூபால ஃபுட் பாய்சன் ஆகி வாந்தி எடுத்து குரல்நாண் கிழிஞ்ச ஆளு, அதுக்கப்புறமும் இத்தன வருஷம் பாடிருக்காரு. லைவ்ல உச்சஸ்தாயி தடுமாறுறது நிஜம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இந்த பாட்டுல அவர கீழ் ஸ்தாயில விட்டிருக்காங்க, அதுல அவரு குரல் எவ்வளவு இதமா உக்காருது தெரியுமா, ஆல்பம் பூரா இப்படி எழுதிருக்கலாமேன்னு ஆதங்கமா இருக்கு. கடைசில பெட்ரூச்சி சோலோ வேற, வேகம் காட்டாம இழுத்து இழுத்து வாசிக்கிறாரு, அவரு இப்படியும் வாசிப்பாருன்னு அவருக்கே அப்பப்ப மறந்துடும் போல.

கடைசி பாட்டு தி ஷேடோ மேன் இன்சிடென்ட், பத்தொம்பதரை நிமிஷம். தூங்கிட்டிருக்கும்போது முழிப்பு வந்துடும், கை கால் அசையாது, யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும், நம்ம பாட்டிங்க அமுக்குவான் பேய்னு சொல்லி தலைமாட்டுல இரும்பு வைப்பாங்களே, அதே சமாச்சாரம்தான். நான் வேலைக்கு கடலூர் போற ஆளு, பஸ்ல இந்த பாட்ட தவளக்குப்பத்துல போட்டா டிராஃபிக் இல்லன்னா கிருமாம்பாக்கம், கன்னியகோயில் எல்லாம் தாண்டி பெண்ணையாத்துப் பாலத்துகிட்ட முடியும். நடுவுல ஒரு இடத்துல எல்லாம் அடங்கி லத்தீன் பக்கத்து தாளம் மாதிரி ஒண்ணு வரும், அதுல மியுங் பேஸ் தனியா தெரியுது, எத்தன ஆல்பத்துல அந்த மனுஷன் வாசிக்கிறது கேக்காமலே போச்சு. நீளம் ஜாஸ்திதான், ஒரு அஞ்சு நிமிஷம் வெட்டிருக்கலாம்னு லாஸ்பேட்டை பசங்க சொல்றது நியாயம், ஆனா அந்த நடு பகுதிய வெட்டுனா நான் அண்ணன் கட்சிக்கு போயிடுவேன்.

மிக்ஸிங் ஆண்டி ஸ்னீப், ரொம்ப சுத்தமா இருக்கு. போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "ஒண்ணுமில்லப்பா"ன்னு சொல்றவங்கள நான் கணக்குல எடுக்கல. காசு கொடுத்து வாங்குறதா இருந்தா சிடி போதும், எல்பி, அதாவது பெரிய கருப்பு இசைத்தட்டு, ரெண்டு தட்டு, பெரிய பாட்டுக்காக எழுந்து எழுந்து திருப்பணும், அட்டை ஹ்யூ சைம் பண்ணது, அத பெருசா பாக்கணும்னு ஆசை இருந்தா மட்டும் எல்பி வாங்குங்க. பேண்ட இப்பத்தான் கேக்க ஆரம்பிக்கிறீங்கன்னா இதுல ஆரம்பிக்காதீங்க, 1992ல வந்த இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் கேட்டுட்டு வாங்க. பத்துக்கு ஏழு குடுப்பேன். அண்ணன் ஒம்போதரை, பசங்க அஞ்சு. ஆனா அஞ்சு குடுத்த பசங்களோட பிராக்டிஸ் ரூமுக்கு போன வாரம் போயிருந்தேன், உள்ள நைட் டெரரத்தான் அடிச்சிட்டு இருந்தானுங்க, கேட்டா "ஈசியா இருக்குண்ணே, அதான்"ங்குறானுங்க.