குறைந்த விலைக்கு வரும் பழைய சொகுசு எஸ்யூவி: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

புதிய சின்ன எஸ்யூவி வாங்கும் பணத்துக்கே ஜெர்மன் சொகுசு எஸ்யூவி கிடைக்கிறது என்ற விளம்பரத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு யூஸ்டு கார் டீலர் எனக்கு விற்ற வண்டியில் நடந்தது இது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் டீலரின் பெயரையும் வண்டியின் பிராண்டையும் சொல்லவில்லை.

2014 மாடல், 3 லிட்டர் வி6 டீசல், ஏர் சஸ்பென்ஷன். புதிதாக இறங்கியபோது 70 லட்சத்துக்கு மேல் போன வண்டி, எனக்குச் சொன்ன விலை 15 லட்சம். மீட்டரில் 68,000 கிலோமீட்டர் சொச்சம். "டாக்டர் ஓட்டின வண்டி சார், ஒரு ரூபாய் செலவு இல்ல" என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பினார்கள். டெல்லியிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி வந்து டிஎன் நம்பரும் போட்டாகிவிட்டது.

டெல்லி வண்டிகள் இங்கே இவ்வளவு வருவதற்குக் காரணம் உண்டு. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்தத் தடை 2025-இல் தளர்த்தப்படும் வரை, வயது நெருங்கிய வண்டிகளை அங்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படி வரும் எல்லா வண்டியும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி ஓடிய ஊர் ஒன்று, விற்கும் ஊர் ஒன்று என்றால் பழைய கதையை மறைப்பது சுலபம்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, காலையில் பார்த்தால் வண்டியின் பின்பக்கம் இடதுபுறம் உட்கார்ந்திருந்தது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடி மெல்லத் தூக்கிவிட்டது. சில நாளில் தூக்குவதும் நின்றுபோய், வார்னிங் லைட் எரிந்தது.

ஏர் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, காற்றடைத்த ரப்பர் பெல்லோதான் வண்டியைத் தாங்குகிறது. வருடங்கள் போனால் ரப்பர் மடிப்புகளில் வெடிப்பு விடும். கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் போய்விடும். ஒரு பெல்லோவில் தொடங்கும் செலவு கம்ப்ரஸரில் வந்து நிற்பது இப்படித்தான். மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, சோப்புத் தண்ணீரை பெல்லோ மேல் தெளித்தார். மடிப்பு நெடுக நுரை பொங்கியது. "சார், இது நேத்து வந்த கம்ப்ளைன்ட் இல்ல, ரொம்ப நாளா லீக் ஆகியிருக்கு" என்றார்.

டீலரிடம் வண்டி பார்க்கப் போனபோது ஏன் தெரியவில்லை? நாங்கள் போவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டி, வண்டியைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். பானெட் சூடாக இருந்தது. கேட்டதற்கு "இப்பத்தான் வாட்டர் வாஷுக்குப் போய்ட்டு வந்துச்சு" என்று பதில். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், நான்கு மூலையிலும் பார்த்தால்தான் கசிவு பிடிபடும். சாயங்காலம் வாருங்கள் என்றால் போகாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் கிடைத்தது. அந்தக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடுகளான ஃபால்ட் கோடுகளை அழித்தால், அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கை இன்ஜின் யூனிட் வைத்திருக்கும். பெரும்பாலான ஸ்கேனர்களில் அதைப் பார்க்கலாம். எங்கள் வண்டியில் அது 1,246 காட்டியது. அன்றைய மீட்டர் 69,240. கழித்தால் 67,994. டெலிவரி சீட்டில் டீலரே எழுதிக் கொடுத்தது 68,012. அதாவது என் கையில் சாவியைக் கொடுப்பதற்கு 18 கிலோமீட்டர் முன்னால் கோடுகளை அழித்திருக்கிறார்கள். என்ன கோடு இருந்தது என்று கேட்டால், "ரெகுலர் சர்வீஸ்ல எல்லாத்துக்கும் கிளியர் பண்றதுதான் சார்" என்று முடித்துவிட்டார்கள்.

அப்புறம் சேஸிஸ் நம்பரோடு ஆர்சியை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கடைசியாக டெல்லியில் சர்வீஸுக்கு விட்டபோதே 1,18,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது. என் மீட்டரில் 68,000! இந்த ஹிஸ்டரியை வாங்கும் முன்பே உரிமையாளர் மூலம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்துத் தர மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

செலவுக்கு வருகிறேன். வண்டியின் விலை 70-லிருந்து 15-க்கு இறங்கிவிட்டது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. ஒரிஜினல் ஏர் ஸ்ட்ரட் (பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) ஒன்றுக்கே எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஆயில் மாற்ற ஒரு தடவைக்கு எட்டு லிட்டருக்கு மேல், அதுவும் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசலுக்கான சாம்பல் குறைந்த ரகம்தான் ஊற்ற வேண்டும். சில வி6 டீசல்களில் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே அடியில் உட்கார்ந்திருக்கும். அதன் சீல் சொற்ப விலை, ஆனால் அதைத் தொட டர்போவையும் இன்டேக்கையும் கழற்ற வேண்டும், லேபர்தான் ஆளை அடிக்கும். வேறு சில இன்ஜின்களில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், செயின் சத்தம் வந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் வேலை நடக்காது. ஊருக்குள்ளேயே ஓடிய வண்டியில் டிபிஎஃப் அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் உள்ளே குடைந்தெடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸையும் யோசியுங்கள். ரிப்பேர் செலவு ஐடிவி-யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸாக எடுத்துக்கொள்வார்கள். ஐடிவி பழைய வண்டியின் விலைக்கு, ரிப்பேர் புது பார்ட்ஸ் விலைக்கு. முன்பக்கம் ஓரளவு நசுங்கி, ஏர்பேக் இரண்டு வெடித்து, ஹெட்லைட் இரண்டும் போனால் அந்த எல்லையைத் தொடுவது பெரிய விஷயமில்லை.

டீலரைப் பற்றி ஒன்று. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். நான் பிறகு கேட்டபோது என் டீலர் பேச்சை மாற்றினார்.

"உள்ளது உள்ளபடி விற்பனை" என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டி, ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். மீட்டரைக் குறைத்து ஏமாற்றியதற்கு அந்த வரி கேடயமாகக்கூடாது என்பதுதான் என் புகார். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டணமும் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான்.

புகார் போட்டதும் டீலர் அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டார். கிலோமீட்டர் எழுதியிருந்த ஸ்கிரீன்ஷாட்டும், வாட்ஸ்அப் மெசேஜும், டெலிவரி சீட்டும், ஸ்கேனர் பிரின்டும் என்னிடம் இருந்ததால்தான் புகாரோடு வைக்க முடிந்தது. நீங்கள் வண்டி பார்க்கப் போகும் நாளிலிருந்தே இவற்றை எடுத்து வையுங்கள். விலையையும் கிலோமீட்டரையும் போனில் பேசினால், உடனே அதையே மெசேஜில் எழுதி அனுப்பி "சரிதானே?" என்று கேட்டு, பதில் வாங்கிவிடுங்கள்.