சொந்த ஸ்பெல்லும் கூடவரும் ஓநாயும்: ஓராண்டு ஓடும் இணைய ஆட்டத்தில் எது தாக்குப்பிடிக்கிறது

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை இணையத்தில் ஆடும் எந்தக் குழுவிலும் இரண்டு கேள்விகள் தப்பாமல் வரும். "எனக்கென்று ஒரு ஸ்பெல் (மந்திரம்) எழுதிக்கொள்ளலாமா?" "என் ஆளோடு ஒரு ஓநாய் கூட வரலாமா?" முதல் மாதத்தில் இரண்டுக்கும் தலையாட்டுவது சுலபம். அந்தத் தலையாட்டலின் விலை ஆறேழு மாதம் கழித்துத்தான் தெரியும். ஃபவுண்ட்ரி என்ற மெய்நிகர் ஆட்டமேசையில் நேரலையாக ஆடுவது, டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் எழுத்தாக ஆடுவது ஆகிய இரண்டு வடிவங்களிலும் நீண்ட நாள் பார்த்ததில் தேறியவை இங்கே.

டி.எம். (டன்ஜியன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) ஆக இருப்பவர் முதலில் பார்ப்பது டேமேஜை, அதாவது ஓர் அடி எத்தனை ஹெச்.பி. (உயிர்ப்புள்ளி) குறைக்கும் என்பதை. அது தவறான இடம். டேமேஜ் எண் கூடிவிட்டால் ஒரு பகடையைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். ஆட்டத்தை உண்மையில் தின்பது முறை: ஒரு சுற்றில் ஒருவருக்கு எத்தனை தடவை வாய்ப்பு வருகிறது, மற்றவர்கள் அதற்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது.

2014 விதிநூலில் மிருகங்களை வரவழைக்கும் கான்ஜர் அனிமல்ஸ் ஸ்பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலை ஸ்லாட் (ஸ்பெல் போடச் செலவாகும் அலகு) ஒன்றுக்கு எட்டு ஓநாய்கள். ஒவ்வொன்றுக்கும் 11 ஹெச்.பி., தாக்குதலுக்கு +4, கடித்தால் 2டி4+2 (இரண்டு நான்கு முகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு 2), அதாவது சராசரி 7. ஏ.சி. (தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரியைத் தொட 50 சதவீத வாய்ப்பு. கூட்டமாகச் சூழ்ந்தால் கிடைக்கும் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) அதை 75 ஆக்கும். எட்டும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 42. அதே ஸ்லாட்டில் ஃபயர்பால் 8டி6, சராசரி 28, அதுவும் ஒரே தடவை. ஃபயர்பால் பலரை ஒன்றாகச் சுடும் என்பது உண்மைதான், ஆனால் ஓநாய்கள் அடுத்த சுற்றும் இருக்கும், வழியை அடைக்கும், 88 ஹெச்.பி. அளவுக்கு அடி வாங்கிக்கொள்ளும். இன்னொரு பக்கம் உருட்டல் கணக்கு: 16 இருபது முகப் பகடை, தொட்டவற்றுக்கு டேமேஜ், ஒவ்வொரு கடிக்கும் எதிரி கீழே விழாமலிருக்க ஒரு ஸ்ட்ரெங்த் சேவ் (உடல்வலிமையால் தப்பிக்கும் உருட்டல்). நேரலையில் பத்து நிமிடம் போகும். எழுத்தாட்டத்தில் மற்ற மூன்று பேர் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருப்பார்கள்.

விதிநூலை எழுதியவர்களே இதிலிருந்து பின்வாங்கினார்கள். 2020-இல் வந்த டாஷா நூலின் (டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்) சம்மன் பீஸ்ட் ஒரே ஒரு மிருகத்தைத் தரும். மூன்றாம் நிலை ஸ்லாட்டில் அதற்கு ஒரு தாக்குதல், 1டி8+7. ஐந்தாம் லெவல் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி), விஸ்டம் 18 என்றால், ஏ.சி. 15-க்கு எதிராக அட்வான்டேஜோடு சுற்றுக்குச் சுமார் 10. நாற்பத்திரண்டு எங்கே, பத்து எங்கே! 2024 விதிநூலில் கான்ஜர் அனிமல்ஸே உருமாறி, நகரும் ஒரு பரப்பாகிவிட்டது: அருகே வரும் எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவில் தவறினால் 3டி10. தனித்தனி டோக்கன் (வரைபடத்தில் நகர்த்தும் காய்) கிடையாது, தனித்தனி உருட்டலும் கிடையாது. இணையத்தில் ஆடுபவர்களுக்கு அந்த நூலின் நல்ல மாற்றங்களில் இது ஒன்று.

கூடவரும் துணைக்கு என்ன விலை வைப்பது என்பதற்கும் பதில் அதே விதிகளுக்குள் கிடக்கிறது. 2014 பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர் (மிருகத்தோடு திரியும் வேட்டைக்கார வகை), மிருகத்தைத் தாக்கச் சொல்ல, ஒரு முறையின் முக்கியச் செயலான தன் ஆக்‌ஷனையே கொடுக்க வேண்டும். அதனால் பலருக்கு அந்த ஓநாய் வெறும் அலங்காரமாகவே இருந்தது. கட்டளையே தேவையில்லை, தானாக அடிக்கும் என்று வீட்டு விதி எழுதினால் அந்த ஆட்டக்காரர் இரண்டு ஆளாகிவிடுவார். டாஷா நூல் நடுவே நிறுத்தியது: கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் கட்டளை, கட்டளை இல்லாவிட்டால் டாட்ஜ் (தற்காப்பு) மட்டும், ஹெச்.பி. 5 கூட்டல் லெவலின் ஐந்து மடங்கு. எந்தச் சொந்தத் துணையையும் இந்த அச்சில் வார்த்தால் பெரும்பாலும் தேறும். பறக்கும் பூனை, உலோக நாய், பேசும் விளக்கு என்று மேல்தோற்றம் எதுவாகவும் இருக்கட்டும். உள்ளே இந்த எண்கள் போதும்.

எண்ணில் சிக்காத இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, குணமாக்கும் துணை. இந்தப் பதிப்பில் பூஜ்யம் ஹெச்.பி.யில் கிடப்பவருக்கு 1 ஹெச்.பி. கொடுத்தாலே எழுந்து முழு முறை ஆடுவார். "சுற்றுக்கு 1 ஹெச்.பி. மட்டும்தானே" என்று அனுமதித்தால் அந்தக் குழுவில் யாரும் சாக மாட்டார்கள். நீண்ட ஓய்வுக்கு (சக்திகள் திரும்பக் கிடைக்கும் இடைவேளை) ஒரு தடவை, தொட்டால்தான் என்று கட்டுங்கள். இரண்டாவது, உதவும் துணை. ஃபைண்ட் ஃபமிலியர் ஸ்பெல் தரும் ஃபமிலியர் (சிறு துணை) ஆன ஆந்தை தாக்காது. ஆனால் வந்து, உதவி ஆக்‌ஷன் செய்து, பதிலடி வாங்காமல் பறந்துபோகும். அந்த உதவி தருவது அட்வான்டேஜ், அதாவது பாதி வாய்ப்பை முக்கால் ஆக்குவது. சமநிலைக்கான பாதுகாப்பு ஆந்தையின் 1 ஹெச்.பி.யில் இருக்கிறது, எனவே அதைக் கூட்டாதீர்கள். "பாவம், செத்துப்போகிறதே" என்று 15 ஹெச்.பி. கொடுத்த இடத்தில்தான் சமநிலை போகும். வில்லாளி எதிரி ஒருவர் ஆக்‌ஷனைத் தயாராக வைத்துக் காத்திருந்தால் ஆந்தை தானே தயங்கும்.

சொந்த ஸ்பெல்

2014 டன்ஜியன் மாஸ்டர் கையேட்டில் நிலைவாரியாக டேமேஜ் அட்டவணை உண்டு. ஒருவரைத் தாக்குவதென்றால் முதல் நிலை 2டி10, இரண்டாம் நிலை 3டி10, மூன்றாம் நிலை 5டி10. பலரை என்றால் 2டி6, 4டி6, 6டி6. சேவ் வென்றால் டேமேஜே இல்லை எனும் ஸ்பெல்லுக்கு 25 சதவீதம் கூட்டலாம். ஃபயர்பாலின் 8டி6 இந்த அட்டவணையையே மீறுவது என்பதை நினைவில் வையுங்கள். "ஃபயர்பால் மாதிரி, ஆனால்…" என்று தொடங்கும் எந்த விண்ணப்பமும் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது.

அட்டவணை டேமேஜுக்கு மட்டும். தொல்லை அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வாலில் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: இரண்டாம் நிலையில் பனிக்கயிறு, 3டி10 குளிர் டேமேஜ், கூடவே இலக்கு ரெஸ்ட்ரெயின்ட் (நகர முடியாமல் கட்டுண்டது). எண் சரியாக இருக்கிறது. ஆனால் வெப் ஸ்பெல்லும் இரண்டாம் நிலைதான். அது கட்டிப்போட மட்டுமே செய்யும், கான்சன்ட்ரேஷனும் (ஒரே நேரத்தில் ஒரு ஸ்பெல்லுக்கு மட்டும் தர முடிகிற கவனம்) கேட்கும். ஆக, பனிக்கயிறு ஒரு ஸ்லாட்டில் இரண்டு ஸ்பெல். 2டி8 ஆகக் குறைத்து, ஸ்ட்ரெங்த் சேவ் வைத்து, தவறினால் ஸ்பெல்லைப் போட்டவரின் அடுத்த முறை முடியும்வரை கட்டு, வென்றால் பாதி டேமேஜ், கட்டு இல்லை என்று மாற்றினால் நிற்கும்.

விண்ணப்பத்தில் சேவும் டேமேஜ் வகையும் என்ன என்று பாருங்கள். இன்டெலிஜென்ஸ் சேவ் கேட்டிருந்தால் அது பெரும்பாலும் தற்செயல் அல்ல. பெரும்பாலான மிருகங்களும் அரக்கர்களும் அதில் பலவீனம், கான்ஸ்டிட்யூஷனில்தான் (உடலுறுதி) பலம். நெருப்பைத் தாங்கும் எதிரிகள் ஏராளம், ஃபோர்ஸைத் (தூய மந்திர ஆற்றல்) தாங்குபவர்கள் அரிது. அதனால் ஃபோர்ஸ் கேட்டால் டி10-ஐ டி8 ஆக்குவது நியாயம். கான்சன்ட்ரேஷனை எடுத்துவிடச் சொல்லும் விண்ணப்பத்தை நேரடியாக மறுத்துவிடலாம். பழைய ஸ்பிரிச்சுவல் வெப்பன் அது இல்லாமல் இருந்தது. 2024-இல் அதற்கும் வந்துவிட்டது.

கேன்ட்ரிப்பில் இன்னும் கறாராக இருங்கள். ஸ்லாட் செலவில்லாதது, 5, 11, 17 லெவல்களில் தானாக வளர்வது. முதல் லெவலில் "பத்தடி தள்ளும்" என்பது அழகு. பள்ளமும் முள்வேலியும் உள்ள வரைபடத்தில் அதுவே சண்டையின் மையமாகிவிடும்.

ரியாக்‌ஷன் ஸ்பெல்லை (அடுத்தவர் முறையில் குறுக்கிட்டுப் போடுவது) எழுத்தாட்டத்தில் அனுமதிக்கவே வேண்டாம் என்பதுதான் நீண்ட நாள் முடிவு. ஷீல்ட், கவுன்ட்டர்ஸ்பெல் இரண்டுமே ஒவ்வோர் எதிரி நடவடிக்கையிலும் ஆட்டத்தை நிறுத்திக் கேள்வி கேட்க வைக்கும். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால் எட்டு மணி நேரம் போச்சு. அதில் சொந்த ரியாக்‌ஷன் இன்னொன்று சேர்ந்தால் சுற்று நகரவே நகராது. விடாப்பிடியாகக் கேட்டால், "இன்ன நிலை வந்தால் பயன்படுத்துவேன்" என்ற நிபந்தனையைத் தன் முறையிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். நிபந்தனை பொருந்தினால் டி.எம். தானே இயக்கிவிடுவார். பொருந்தாவிட்டால் விவாதம் இல்லை.

ஓய்வுக் கணக்கு யாரும் எதிர்பாராத இடத்தில் உதைக்கும். 2014 விதிகள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகள், நடுவே இரண்டு குறு ஓய்வுகள் என்று எண்ணி எழுதப்பட்டவை. எழுத்தாட்டத்தில் ஒரு சண்டையே வாரக்கணக்கில் ஓடுவதால் கதையின் ஒரு நாளில் ஒன்றிரண்டு சண்டைகளே நடக்கும். அப்போது "நீண்ட ஓய்வுக்கு ஒரு தடவை" என்று எழுதிய சொந்த சக்தி, "சண்டைக்கு ஒரு தடவை" ஆகிவிடுகிறது. ஸ்பெல்லைக் குறைப்பதைவிட ஓய்வை நீட்டுவது மேல். கையேட்டிலேயே உள்ள மாற்று விதி: குறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள்.

பொறியில் சிக்கும் இடங்கள்

ஃபவுண்ட்ரியில் துணையை உருவாக்கும்போது டோக்கனை மூல ஆக்டரோடு (அந்தத் துணையின் பதிவுத்தாள்) இணைக்கும் தேர்வு ஒன்று உண்டு. நிரந்தரத் துணைக்கு அது ஆன் ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வரைபடத்திலும் காயம் கூடவே வரும். வரவழைக்கும் மிருகங்களுக்கு ஆஃப். மறந்து ஆனிலேயே விட்டு எட்டு ஓநாய்களை இறக்கினால், ஒன்றை அடித்ததும் எட்டுக்கும் ஹெச்.பி. குறையும். அடுத்து, பார்வை. துணையின் உரிமை ஆட்டக்காரரிடம் இருந்து, டோக்கனுக்குப் பார்வையும் இருந்தால், ஆந்தை பார்ப்பதெல்லாம் அவர் திரையில் தெரியும். இருவரும் வேறு அறைகளில் இருக்கும்போது கதை முன்கூட்டியே உடையும். பிரிந்து போகும்போது ஆந்தையின் பார்வையை அணைத்து, ஃபமிலியரின் கண்வழி பார்க்க ஆக்‌ஷன் செலவிடும்போது மட்டும் திறந்துவிடுங்கள். 2014 விதியும் அதைத்தான் சொல்கிறது. இனிஷியேட்டிவில் (யார் முறை எப்போது என்ற வரிசை) துணைக்குத் தனி எண் வேண்டாம். உரிமையாளரின் முறைக்கு உடனே பின்னால் வையுங்கள்.

எம்.எம்.ஓ. எனப்படும் பெருங்கூட்ட இணைய விளையாட்டுகளிலும் கதை இதுதான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் தொடக்க ஆண்டுகளில் புரோக்கன் டூத் என்ற பூனைக்கு ஆட்கள் நாள்கணக்கில் காத்திருந்ததற்குக் காரணம் அதன் டேமேஜ் அல்ல. நொடிக்கு ஓர் அடி என்ற வேகம் எதிரி மந்திரவாதியின் ஸ்பெல்லைத் தள்ளிக்கொண்டே போனது. பின்னாளில் எல்லாத் துணைகளின் தாக்கு வேகமும் ஒன்றாக்கப்பட்டது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2021-இல் துணைகளைக் கொண்டுவந்தபோது குழுவில் ஓர் ஆளின் இடத்தையே விலையாக வைத்தது. கறாரான விலைதான், ஆனால் ஓட்டை இல்லாதது.

அனுமதித்த எதற்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: பெயர், நிலை, எந்த ஆக்‌ஷன், தூரம், சேவ், வென்றால் என்ன, எந்த ஸ்பெல்லை மாதிரியாக வைத்தது, திருத்தத் தேதி. முதல் மூன்று சண்டைகள் சோதனை. அதன்பின் திருத்தம் லெவல் ஏறும்போது மட்டும். திருத்தினால் அந்த ஆட்டக்காரர் வேறு ஸ்பெல்லுக்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம். நடுச்சண்டையில் எண்ணை மாற்றினால் கோபம்தான் மிஞ்சும்.

துணை செத்தால் என்ன என்பதையும் அந்த அட்டையிலேயே எழுதிவிடுங்கள். இறந்தபின் கேட்டால் நியாயமான பதில் வராது, எல்லாரும் இரக்கப்படுவார்கள். டாஷா நூல் ரேஞ்சரின் மிருகம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு, ஆக்‌ஷனும் ஒரு ஸ்லாட்டும் செலவிட்டால் ஒரு நிமிடத்தில் முழு ஹெச்.பி.யோடு எழும். ஃபமிலியர் என்றால் 10 பொற்காசுப் பொருள்களும் ஒரு மணி நேரமும். சொந்தத் துணைக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்து எழுதினால் போதும்.