மெழுகுத்துணி ஜக்கெட்டா, தோல் ஜக்கெட்டா?

பழைய பாணி மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தமாக உடுக்க நினைத்தால் யாழ்ப்பாணத்தில் முதல் எதிரி வெயில்தான். சித்திரை வெக்கையில் தோல் ஜக்கெட் ஆளையே அவித்துவிடும். மாரியில் அலுமாரிக்குள் தொங்கவிட்டால் கழுத்துப்பட்டியில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். ஆனால் விழுந்து தார் ரோட்டில் உரசினால் அதுதான் தாங்கும். சாதாரண மெழுகுத்துணி, அதாவது மெழுகு பூசிய பருத்தித்துணி, சீக்கிரம் கிழிந்துவிடும்.

மெழுகுத்துணி கார்த்திகை மழைக்கு நல்லது. தீவுப் பக்கம் போகும் பண்ணைப் பாலத்தில் வாடைக்காற்று அடித்தாலும் உள்ளே லேசில் ஏறாது. மெஷினில் போடக்கூடாது, சவர்க்காரமும் ஆகாது. குளிர்ந்த தண்ணீரால் துடைத்து, மெழுகு தேய்ந்த மடிப்புகளில் திரும்பப் பூச வேண்டும். வெயிலில் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும். வெள்ளைச் சேர்ட் போட்ட நாளில் அதைத் தொடவே வேண்டாம்!

தீவுப் பக்கம் ஆறுதலாக ஓடுபவருக்கு என் தெரிவு மெழுகுத்துணி, முழங்கையிலும் தோளிலும் அடி தாங்கும் பாதுகாப்புப் பட்டை இருந்தால் மட்டும். கண்டிக்குப் போகும் ஏ-9 வீதியில் வேகமாகப் போகிறவர் தோலையே எடுக்கட்டும்.